அசைவை எழுதியவர்கள் – 7: காலுக்கு நான்கு கோடு

அமெரிக்காவில் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தின் நாடகச் சேகரிப்பில் செர்கேயேவ் தொகுப்பு என்று ஒரு தாள்குவியல் இருக்கிறது. முதல் பார்வைக்கு இசைத்தாள் என்றே தோன்றும். நீளக் கோடுகள், அவற்றின் மேல் கறுப்புத் தலையும் தண்டுமாக ஸ்வரக்குறிகள், குறுக்கே தாளப் பிரிவுகள். கோடுகளை எண்ணினால்தான் விஷயம் புரியும். இசைக்கு ஐந்து கோடு போதும். இங்கே மூன்று கட்டுகளாக ஒன்பது கோடுகள். மேலே இரண்டு, தலைக்கும் உடம்புக்கும். நடுவே மூன்று, கைகளுக்கு. அடியில் நான்கு, கால்களுக்கு. இவற்றோடு ஒரு சிறு மேடைப்படம்: யார் எங்கே நிற்கிறார்கள், எந்தப் பக்கம் போகிறார்கள் என்று வளைகோடுகளில் காட்டுவதற்கு.

பல தாள்கள் பென்சிலில், ஒத்திகை ஓடிக்கொண்டிருக்கும்போதே எழுதிய அவசரத்தோடு இருக்கின்றன. அடியில் உள்ள நான்கு கோடுகள் நிரம்பி வழிகின்றன. பல பக்கங்களில் மேலே உள்ள ஐந்து கோடுகள் வெறுமையாகக் கிடக்கின்றன. கால் என்ன செய்தது என்று தெரிகிறது. கை என்ன செய்தது, முகம் எங்கே திரும்பியது என்று தெரிவதில்லை. கையிலிருந்தே நாட்டியத்தைப் படிக்கத் தொடங்கும் நமக்கு இந்த வெறுமை முதலில் கண்ணில் படும்.

இன்று உலகம் முழுவதும் மேடையேறும் ‘ஸ்லீப்பிங் பியூட்டி’, ‘ஸ்வான் லேக்’, ‘ஜிசெல்’, ‘கொப்பேலியா’ போன்ற பாலேக்களின் வரலாற்றில் இந்தத் தாள்களுக்குப் பெரிய பங்கு உண்டு. அவை எப்படி எழுதப்பட்டன, யார் கையில் எங்கெல்லாம் அலைந்தன என்பதுதான் இந்த வாரக் கதை.

சென்ற இதழில் 1700-ஆம் ஆண்டு பாரிஸில் ஃபெய்யே வெளியிட்ட முறையைப் பார்த்தோம். தரையில் நடனக்காரர் போகும் தடத்தை மேலிருந்து பார்ப்பதுபோல் வரைந்து, அந்தத் தடத்தின் மேலேயே அடிவைப்புகளைக் குறிக்கும் முறை அது. அரசவையில் இருவர் ஆடும் நடனத்துக்கு அது அழகாகப் பொருந்தியது. நடனம் பெரிய அரங்கத்துக்குப் போய், தாவலும் சுழற்சியும் பெருங்குழுக்களும் வந்ததும் அந்தத் தடம் போதவில்லை. 1852-இல் ஆர்தர் சேன்-லியோன் என்ற நடன ஆசான் கோட்டுருவங்களை இசைக்கோடுகளின் மேல் நிறுத்தி ஒரு முறையைப் பாரிஸில் வெளியிட்டார். அதைக் கற்றுக்கொண்டு தொடர்ந்து எழுத ஆட்கள் வரவில்லை. ஒரு குறியீட்டு முறை நிலைக்க வேண்டுமானால் அதைக் கற்பிக்கப் பள்ளி வேண்டும், எழுதச் சம்பளம் வாங்கும் ஆட்கள் வேண்டும், வாரம்தோறும் அதற்கு வேலை கொடுக்கும் அரங்கம் வேண்டும். இந்த மூன்றும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் ஒரே இடத்தில் சேர்ந்தன. அந்த இடம் ரஷ்யாவின் அன்றைய தலைநகரான செயின்ட் பீட்டர்ஸ்பர்க்.

விளாதிமிர் ஸ்தெபானோவ் 1866-இல் பிறந்தவர். பேரரசின் மாரியின்ஸ்கி அரங்கில் நடனக்காரர். பெரிய நட்சத்திரம் அல்ல. ஆனால் மேடையில் ஆடிக்கொண்டே உடற்கூற்றியல் படித்தார். இந்தப் படிப்புதான் அவருடைய முறையை முந்தைய முயற்சிகளிலிருந்து பிரித்தது. ஃபெய்யேயும் சேன்-லியோனும் நடனத்தின் அடிகளிலிருந்து தொடங்கினார்கள். ஸ்தெபானோவ் மூட்டிலிருந்து தொடங்கினார். ஒரு மூட்டு என்னென்ன செய்ய முடியும்? மடங்கும், நீளும், பக்கவாட்டில் விலகும், அச்சில் திரும்பும். இவை ஒவ்வொன்றுக்கும் குறி இருந்தால் மனித உடல் செய்யும் எந்த அசைவையும் எழுதிவிடலாம் என்பது அவருடைய கணக்கு. 1892-இல் பாரிஸில் வெளியான தன் நூலுக்கு ‘மனித உடலின் அசைவுகளுக்கான அகரவரிசை’ என்ற பொருளில் பிரெஞ்சுத் தலைப்பு வைத்தார். பாலே என்ற சொல்லே அந்தத் தலைப்பில் இல்லை. அவருடைய லட்சியம் அவ்வளவு அகலமானது.

முறையின் உள்ளே கொஞ்சம் போய்ப் பார்க்கலாம். ஸ்வரக்குறியின் வடிவம் அசைவு எவ்வளவு நேரம் நீடிக்கிறது என்பதைச் சொல்லும். முழு ஸ்வரம், அரை, கால் என்று இசையில் உள்ள அதே கணக்கு. குறி எந்தக் கோட்டில், எந்த இடைவெளியில் உட்கார்ந்திருக்கிறது என்பது அந்த உறுப்பு எந்தத் திசையில், எந்த உயரத்தில் இருக்கிறது என்பதைச் சொல்லும். முழங்கால் மடங்கியதா, தொடை வெளிப்புறம் திரும்பியதா என்பதைத் தண்டின் மேல் இடும் சின்னஞ்சிறு கோடுகளும் வளைவுகளும் காட்டும். நேர ஒழுங்கு இசையிலிருந்து வருவதால், பியானோத் தாளையும் நடனத்தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத் தாளத்துக்குத் தாளம் ஒப்பிட்டுப் படிக்கலாம். பேரரசின் நடனப்பள்ளிப் பிள்ளைகளுக்கு இசைக்குறியீடு ஓரளவு பழக்கமானது. கற்பிப்பதும் எளிதாயிற்று.

எல்லோருக்கும் இது பிடித்துவிடவில்லை. அன்று அந்த அரங்கை ஆண்டவர் மாரியுஸ் பெத்திபா. பிரான்ஸிலிருந்து இளமையில் வந்து பீட்டர்ஸ்பர்க்கிலேயே முதுமை அடைந்த மாபெரும் நடன ஆசான். வீட்டில் மேசை மேல் சிறு உருவங்களை நகர்த்தி நகர்த்திக் குழு அமைப்புகளை யோசித்து, கிடைத்த அமைப்பைக் காகிதத்தில் வரைந்து வைப்பது அவர் வழக்கம். அவர் தனக்காக எழுதிக்கொண்டவர். பிறர் தன் நடனத்தைக் குறிகளாகப் பிரித்து எழுதுவதில் அவருக்கு நம்பிக்கை இருக்கவில்லை. நடனம் ஆசானிடமிருந்து மாணவருக்கு உடல் வழியாகப் போக வேண்டியது என்ற பழைய மரபின் குரல் அது. அதை எளிதாகத் தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. ஆனால் அவருடைய படைப்புகளின் அடிகளில் பெரும்பகுதி நம்மை வந்தடைந்தது அவர் நம்பாத அந்தக் குறிகள் வழியாகத்தான்.

ஸ்தெபானோவ் அதைப் பார்க்க இருக்கவில்லை. பள்ளியில் அவருடைய முறை பாடமாகி, எழுதும் வேலை சூடுபிடிக்கும் நேரத்தில், 1896-இல், முப்பது வயது நிறைவதற்குள் இறந்துபோனார்.

அவருடைய இடத்துக்கு அலெக்ஸாந்தர் கோர்ஸ்கி வந்தார். முறையைச் சீர்படுத்திப் பாடநூல் எழுதியவர் அவர். பெரிய சோதனையையும் அவரே நடத்தினார். 1890-இல் பீட்டர்ஸ்பர்க்கில் பெத்திபா உருவாக்கிய ‘ஸ்லீப்பிங் பியூட்டி’யை 1899-இல் மாஸ்கோவின் பல்ஷோய் அரங்கில் நடனத்தாளை வைத்துக்கொண்டு மேடையேற்றினார். ஓர் ஊரில் எழுதியதை இன்னோர் ஊரில் படித்து ஆட வைக்க முடியும் என்று அன்று நிரூபணமாயிற்று. அடுத்த ஆண்டே அவர் மாஸ்கோவுக்கு மாறிப்போனார். அங்கே சொந்தமாகப் படைக்கும் ஆசை அவரை இழுத்துக்கொண்டது.

எழுதும் பொறுப்பு நிக்கலாய் செர்கேயேவ் கைக்கு வந்தது. 1876-இல் பிறந்தவர்; பின்னாளில் அரங்கின் ஒத்திகைகளை நடத்தும் ரெஜிஸ்ஸராக உயர்ந்தவர். செக்ரிகின், ரக்மானோவ் என்ற இரு உதவியாளர்களோடு ஆண்டுக்கணக்காக உட்கார்ந்து, மாரியின்ஸ்கியில் ஆடிக்கொண்டிருந்த பாலேக்களை ஒவ்வொன்றாகத் தாளில் இறக்கினார். இருபதுக்கும் மேற்பட்ட பாலேக்கள், அவற்றோடு ஆபெராக்களின் நடுவே வரும் நடனங்கள். செர்கேயேவ் படைப்பாளி அல்லர். கறாரான மனிதர் என்பதால் நடனக்காரர்களிடமும் அவருக்கு நல்ல பெயர் இல்லை. இத்தனை பெரிய வேலை நடந்து முடிந்தது இந்த மனிதரின் பிடிவாதத்தால்தான் என்பதை அவருடைய குறைகளைப் பேசுகிறவர்கள் சேர்த்தே சொல்ல வேண்டும்.

மேல் கோடுகள் ஏன் காலியாக இருக்கின்றன என்ற கேள்விக்கு இங்கே திரும்ப வரலாம். ஒத்திகையின் வேகத்துக்குப் பென்சில் ஈடுகொடுக்க வேண்டும் என்பது ஒரு காரணம். இன்னொரு காரணம் ஆழமானது என்று நினைக்கிறேன். அந்தத் தாளைப் படிக்கப் போகிறவர் அதே பள்ளியில் வளர்ந்தவர் என்பது எழுதியவருக்குத் தெரியும். இன்ன அடிக்குக் கை இன்ன வளைவில் வரும் என்பது அங்கே பத்து வயதுப் பிள்ளைக்கும் தெரிந்த பாடம். தெரிந்ததை எதற்கு எழுதுவது? நடிப்புப் பகுதிகளுக்கும் இதே கதைதான். பேச்சில்லாமல் சைகையால் கதை சொல்லும் இடங்களில், ‘நீ யார்? எங்கிருந்து வந்தாய்?’ என்ற வகையில் பாத்திரங்கள் பேசிக்கொள்வதாகவே சாதாரண ரஷ்ய உரைநடையில் எழுதி வைத்தார்கள். அந்த வாக்கியத்துக்கு என்ன சைகை என்பது ஆடுகிறவருக்குத் தெரியும் என்ற நம்பிக்கை. அந்தப் பள்ளியின் பழக்கம் நூறாண்டில் இவ்வளவு மாறும் என்று அவர்கள் எதிர்பார்த்திருக்க முடியாது.

அந்தத் தாள்களில் ‘லா பயதேர்’ என்ற பாலேயும் இருக்கிறது. பெத்திபா 1877-இல் அமைத்து, 1900-இல் புதுப்பித்தது. கதை இந்தியாவில் நடப்பது. நாயகி நிகியா கோயில் நடனப்பெண். இந்தக் கற்பனையின் வேர்களில் ஒன்று தமிழ்நாட்டில் இருக்கிறது. 1838-இல் கடலூரை அடுத்த திருவந்திபுரத்துத் தேவதாசிகள் சிலர், தங்கள் இசைக்காரர்களோடு, ஒரு பிரெஞ்சு வணிகரின் ஒப்பந்தத்தில் பாரிஸ் போய் ஆடினார்கள். அவர்களில் அமனி என்ற இளம்பெண்ணைப் பார்த்து மெய்மறந்து பத்திரிகையில் பக்கம் பக்கமாக எழுதியவர் கவிஞர் தெயோஃபில் கோத்தியே. ‘ஜிசெல்’ கதையை அமைத்தவர்களில் ஒருவர் அவர். பின்னால் 1858-இல் அவர் கதை எழுதிய ‘சகுந்தலா’ பாலே பாரிஸில் மேடையேறியது. அதற்கு நடனம் அமைத்த லூசியான் பெத்திபா, மாரியுஸ் பெத்திபாவின் அண்ணன். தம்பியின் ‘லா பயதேர்’ கதையில் அந்தச் ‘சகுந்தலா’வின் சாயல் உண்டு என்று நடன வரலாற்றாளர்கள் சொல்வார்கள்.

திருவந்திபுரத்துப் பெண்கள் பாரிஸில் ஆடிய அடவுகளை எந்தக் குறியிலும் எழுதி வைத்த ஆவணம் நமக்குக் கிடைக்கவில்லை. கோத்தியேயின் வர்ணனை இருக்கிறது. ஷான்-ஒகுஸ்த் பார் என்ற சிற்பி வெண்கலத்தில் வடித்த அமனியின் சிறு உருவம் இருக்கிறது. இந்தியக் கோயிலை நேரில் பார்க்காத ஒருவர் பீட்டர்ஸ்பர்க்கில் கற்பனை செய்த கோயில் நடனப்பெண்ணின் கால் எந்தத் தாளத்தில் எந்த உயரத்துக்குப் போயிற்று என்பது மட்டும் ஹார்வர்டில் பத்திரமாக இருக்கிறது. எழுத்து யாருக்குக் கிடைக்கிறது என்பது அரசும் சம்பளமும் சேர்ந்து முடிவு செய்யும் காரியம். நெஞ்சில் தைக்கிற இந்த வேறுபாட்டைச் சொல்லாமல் இந்த வரலாற்றை எழுத என்னால் முடியவில்லை.

1917-இல் புரட்சி வந்தது. மறு ஆண்டு செர்கேயேவ் ரஷ்யாவை விட்டு வெளியேறினார். போகும்போது தாள்களையும் எடுத்துக்கொண்டு போனார். அவை பேரரசின் அரங்குக்காக, அரங்கின் சம்பளத்தில் எழுதப்பட்டவை. சட்டப்படி அவை அவருடையவையா என்று கேட்டால் பதில் அவருக்குச் சாதகமாக இருக்காது. ஆனால் அவர் எடுத்துப் போகாமல் இருந்திருந்தால் இங்கிலாந்தில் பாலே இன்றைய வடிவில் வளர்ந்திருக்குமா என்பதும் சந்தேகமே.

1921-இல் லண்டனின் அல்ஹாம்ப்ரா அரங்கில் பாலேக் குழு நடத்திய தியாகிலெவ் பெரும் செலவில் ‘ஸ்லீப்பிங் பியூட்டி’யை ‘ஸ்லீப்பிங் பிரின்சஸ்’ என்ற பெயரில் மேடையேற்றியபோது தாள்களோடு வந்து நின்றவர் செர்கேயேவ். நூறு காட்சிகளுக்கு மேல் ஓடியும் தியாகிலெவுக்குப் பெருநஷ்டம். செர்கேயேவ் லாத்வியாவின் ரீகாவுக்குப் போய் வேலை செய்தார். 1924-இல் பாரிஸ் ஆபெராவில் ‘ஜிசெல்’லைத் திரும்ப மேடையேற்றினார். பிறகு லண்டனில் நினெட் த வலுவாவின் சிறு குழு அவரை அழைத்தது. த வலுவா அயர்லாந்தில் பிறந்தவர். சாட்லர்ஸ் வெல்ஸ் அரங்கில் ஒரு தேசியப் பாலேயைக் கட்டியெழுப்பும் உறுதியோடு இருந்தவர். அங்கே செர்கேயேவ் 1933-இல் ‘கொப்பேலியா’வை மேடையேற்றினார். 1934 என்ற ஒரே ஆண்டில் ‘ஜிசெல்’, ‘நட்கிராக்கர்’, ‘ஸ்வான் லேக்’. 1939-இல் ‘ஸ்லீப்பிங் பிரின்சஸ்’. அதில் நாயகி அரோராவாக ஆடியவர் மார்கோ ஃபான்டெயின். போர் முடிந்து 1946-இல் கவென்ட் கார்டன் அரங்கம் மீண்டும் திறந்தபோது முதலில் ஆடியதும், 1949-இல் நியூயார்க் மெட்ரபாலிடனில் அந்தக் குழு புகழ் பெற்றதும் அதே ‘ஸ்லீப்பிங் பியூட்டி’யில்தான். உலகின் பல குழுக்கள் இந்த லண்டன் வடிவங்களிலிருந்தே கற்றன. வெகு சிலருக்கே படிக்கத் தெரிந்த ஓர் எழுத்து ஒரு கலையின் பாடத்திட்டத்தையே நிர்ணயித்த கதை இது.

செர்கேயேவ் தன் கடைசி ஆண்டுகளில் மோனா இங்கில்ஸ்பியின் ‘இன்டர்நேஷனல் பாலே’ குழுவோடு இருந்தார். 1951-இல் பிரான்ஸின் நீஸ் நகரில் காலமானார். தாள்கள் இங்கில்ஸ்பியிடம் வந்தன. அவர் அவற்றைக் காப்பாற்றி வைத்திருந்து 1969-இல் ஹார்வர்டுக்கு விற்றார். 1970-களில் ரோலண்ட் ஜான் வைலி என்ற அமெரிக்க இசையறிஞர் அவற்றை முறையாக ஆராய்ந்து எழுதத் தொடங்கிய பிறகுதான் உள்ளே இருப்பது என்னவென்று வெளியுலகம் அறிந்தது.

தாள்கள் வெளியேறிய பிறகு ரஷ்யாவில் அதே பாலேக்கள் உடல் வழியாக ஆசானிடமிருந்து மாணவருக்குப் போய்க்கொண்டிருந்தன. பெத்திபா விரும்பிய வழி. போகிற வழியில் மாறிக்கொண்டும் இருந்தன. 1952-இல், லெனின்கிராட் என்று பெயர் மாறியிருந்த பீட்டர்ஸ்பர்க்கில், ‘ஸ்லீப்பிங் பியூட்டி’யைத் திருத்தி அமைத்தவர் கான்ஸ்தந்தீன் செர்கேயேவ். பெயர் ஒன்றானாலும் இவருக்கும் நம்முடைய செர்கேயேவுக்கும் உறவில்லை. அந்த 1952 வடிவத்தைத்தான் அங்கே தலைமுறைகள் புனிதமாகப் போற்றி வந்தன.

1999-இல் மாரியின்ஸ்கி நடனக்காரர் சேர்கேய் விகாரெவ் ஹார்வர்ட் தாள்களைப் படித்து, 1890-ஆம் ஆண்டின் அரங்க அமைப்பையும் உடைகளையும் திரட்டி, ‘ஸ்லீப்பிங் பியூட்டி’யை அதே மாரியின்ஸ்கியில் மீட்டு மேடையேற்றினார். ஏறக்குறைய நான்கு மணி நேரம். வெளிநாட்டு விமர்சகர்கள் கொண்டாடினார்கள். உள்ளூரில் மூத்தவர்கள் பலர் கொதித்தார்கள். தாங்கள் வாழ்நாள் முழுவதும் ஆடியதையும் கற்பித்ததையும் பிற்காலச் சேர்க்கை என்று காகிதம் ஒன்று சொல்கிறதே என்ற வேதனை அது. எனக்கு அந்தக் கோபம் புரிகிறது. உடல் நினைவும் ஓர் ஆவணம்தான். அதற்குச் சாட்சியாக வாழ்ந்தவர்களிடம் ‘உங்கள் நினைவு தவறு’ என்று சொல்வது எளிதல்ல. ஆனாலும் தாள்களைப் படித்தே தீர வேண்டும் என்பது என் எண்ணம். விகாரெவ் நிறுத்தவில்லை. 2002-இல் ‘லா பயதேர்’, அதில் சோவியத் காலத்தில் விட்டுப்போன கோயில் இடிந்து விழும் கடைசிக் காட்சியோடு.

பின்னால் நடன அமைப்பாளர் அலெக்ஸேய் ரத்மான்ஸ்கி தன் மனைவி தத்யானாவோடு இந்தக் குறிகளைக் கற்றுக்கொண்டார். அமெரிக்காவில் இதில் தேர்ந்த டக் ஃபுல்லிங்டனோடு சேர்ந்து 2014-இல் மியூனிக்கில் ‘பக்கீத்தா’ பாலேயை மீட்டார். 2015-இல் ‘ஸ்லீப்பிங் பியூட்டி’, 2016-இல் ஜூரிக்கில் ‘ஸ்வான் லேக்’. இந்த மேடையேற்றங்களில் பார்வையாளர்களுக்கு முதலில் உறைத்தது கால்களின் உயரம். இன்றைய நடனக்காரிகள் காது வரை தூக்கும் காலைத் தாள் இடுப்பளவோடு நிறுத்துகிறது. சுழலும்போது மடக்கிய காலின் நுனி முழங்காலுக்குப் போகாமல் கீழேயே நிற்கிறது. அடிகள் சிறியவை, எண்ணிக்கையில் அதிகம், வேகமானவை. இதைக் கண்டுபிடிக்க ஊகம் தேவைப்படவில்லை. உயரத்தைக் கோடுகளில் எழுதும் முறை என்பதால் பதில் தாளிலேயே இருந்தது.

‘ஸ்வான் லேக்’ ஏரிக்கரைக் காட்சியில் நாயகி ஓதெத்தும் இளவரசனும் ஆடும் புகழ்பெற்ற இணை நடனத்தை எடுத்துக்கொள்ளுங்கள். இன்று நாம் பார்ப்பது இருவர் நடனம். தாளில் மூன்றாமவர் ஒருவர் இருக்கிறார்: இளவரசனின் நண்பன் பென்னோ. ஓதெத் சாயும்போது தாங்கிக்கொள்வது பல இடங்களில் அவன். 1895-இல் இளவரசனாக ஆடிய பாவெல் கெர்த் ஐம்பது வயதைத் தாண்டியவர் என்பதை நினைத்தால் உதவிக்கு ஒருவர் நின்றது வியப்பில்லை. காலப்போக்கில் பென்னோ மறைந்துபோனான். காதல் காட்சியில் மூன்றாமவனுக்கு என்ன வேலை என்று பிற்காலம் நினைத்தது. ரத்மான்ஸ்கி அவனைத் திரும்ப மேடைக்குக் கொண்டுவந்தார். மூவர் ஆடும்போது அந்த நடனத்தின் வடிவமே வேறாக விரிகிறது.

காலியான கோடுகளை இவர்கள் எப்படி நிரப்பினார்கள்? பழைய புகைப்படங்கள், அக்காலத்து வர்ணனைகள், அந்தப் பள்ளியின் பயிற்சி நூல்கள், மிச்சமிருந்த மூத்தவர்களின் நினைவு. இரண்டு பேர் ஒரே தாளை எடுத்து மீட்டாலும் கைகள் ஒன்றுபோல் அமைவதில்லை. நேர்மையாகச் செய்கிறவர்கள் எது தாளில் இருந்தது, எது தாங்கள் சேர்த்தது என்று பிரித்துச் சொல்கிறார்கள்.

பேரரசின் பள்ளியில் இந்தக் குறிகளைப் பாடமாகப் படித்த பிள்ளைகளில் ஒருவன், கைகளையும் தலையையும் விட்டுவிட்டு எழுதுவதை ஏற்கவில்லை. 1915-இல், போர்க்காலத்தில் புடாபெஸ்டில் வீட்டுக்காவலில் இருந்தபோது, 1912-இல் தான் ஆடிப் பாரிஸைக் கலக்கிய நடனத்தை ஸ்தெபானோவ் முறையைத் தானே மாற்றி உடம்பு முழுவதற்குமாக எழுதினார் வாட்ஸ்லாவ் நிஜின்ஸ்கி. அவர் மாற்றிய முறைக்குத் திறவுகோல் கிடைக்காமல் அந்தத் தாள்கள் எழுபது ஆண்டுகளுக்கு மேல் படிக்கப்படாமல் கிடந்தன. 1980-களின் பிற்பகுதியில் ஆன் ஹட்சின்சன் கெஸ்ட், கிளாடியா யெஷ்கே என்ற இரு பெண்கள் அவற்றைப் படித்த விதத்தை அடுத்த இதழில் பார்ப்போம்.

(தொடரும்)